தஞ்சோங் டவாயில் ஒரு சைவக்காரன்

மலேசியா போய்விட்டு வந்தவனிடம் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விதான். இரட்டைக் கோபுரம் பார்த்தீர்களா? லங்காவித் தீவு போனீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால், பிறகு ஒரு மாதம் அங்கே என்னதான் செய்தீர்கள் என்று ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மீன் கூடை தூக்கினேன் என்று உண்மையைச் சொன்னால் பாளையங்கோட்டையில் ஒருவரும் நம்புவதாக இல்லை. பக்கத்து வீட்டில் முட்டை வேகும் வாசனைக்கே ஜன்னலைச் சாத்துகிற குடும்பம் எங்களுடையது. ஆகவே நடந்ததை எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் வித்யா பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை தினேஷ் பக்கத்துக் கெடா மாநிலத்துக்காரர், பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். வித்யாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை மூன்றாம் மாதத்தைத் தாண்டாமலே கலைந்து போயிற்று. இரண்டு முறையும் சந்தோஷத்தை ஊர் முழுக்கச் சொன்னோம், பிறகு ஊர் முழுக்க வந்து ஆறுதல் சொன்னது. இந்த முறை வாயே திறக்கவில்லை. என் மனைவி சுக்கும் நாரத்தங்காயும் பெட்டியில் அடைத்துக்கொண்டு புறப்பட்டாள். நான் பெட்டி தூக்கப் போனேன்.

ஒரு வாரத்தில் அந்த அடுக்குமாடி வீட்டில் நான் உபரிச் சாமான் ஆகிவிட்டேன். மகள் படுத்திருந்தால் "என்னம்மா செய்யுது?" என்று கேட்பேன், எழுந்து நடந்தால் "ஏம்மா நடக்க?" என்பேன். மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, "சம்பந்தி வீட்ல நாலு நாள் இருந்துட்டு, அப்படியே லங்காவியும் பாத்துட்டு வாங்க. நாங்க கொஞ்சம் மூச்சு விடுதோம்" என்றாள். மறுநாளே மாப்பிள்ளை என்னைக் காரில் ஏற்றி, தன் ஊரான புக்கிட் செலம்பாவில் இறக்கிவிட்டுப் போனார்.

சம்பந்தியின் முழுப் பெயர் சுப்பிரமணியம். அங்கே எல்லோருக்கும் மணியம். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை வைத்தபோது வேலை போயிற்று. இப்போது சொந்தமாக ஒரு சின்ன லோரி வைத்திருக்கிறார். கல்யாணத்தில் பட்டு வேட்டியும் அடர்ந்த மீசையுமாகப் பார்த்த மனிதர், வாசலில் ஒரு மாதத்துத் தாடியோடும் மஞ்சள் துண்டோடும் வெறுங்காலில் நின்றார்.

"வாங்க சம்பந்தி! பசியாறியாச்சா?"

காலை உணவுக்கு அங்கே பசியாறுவது என்றுதான் பெயர். எவ்வளவு நல்ல சொல். நாம்தான் 'டிபன்' என்று சொல்லிக்கொண்டு அலைகிறோம்.

அவர் தைப்பூசக் காவடிக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தார். ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை, காலில் செருப்பு கிடையாது. தைப்பூசத்துக்குப் பதினாறு நாள் மீதி. சம்பந்தியம்மா லெட்சுமி கூடத்தில் இரண்டே இரண்டு இலை போட்டு எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார். மற்றவர்கள் அடுக்களையில் சாப்பிட்டார்கள். "ரெண்டு பேரும் சுத்த சைவம், ஒண்ணா ஒக்காருங்க" என்றார். நான் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எதற்கு இந்த வேண்டுதல் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியாகக் காவடி எடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆனவர், இந்த வருடம் திடீரென்று ஏன் எடுக்கிறார் என்பது விளங்காத அளவுக்கு நான் மண்டு அல்ல.

மாலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தூரத்தில் ஜெராய் மலை மேகத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. தமிழ்நாட்டிலிருந்து கெடாவுக்குப் போகிற எவனும் செய்கிற தப்பை நானும் செய்தேன். "இதுதான் சம்பந்தி பழைய கடாரம். நம்ம சோழர் கப்பல் வந்து இறங்கிய மண்" என்று ஒரு சொற்பொழிவை ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்கிற 'லா'வோடு பதில் சொன்னார்.

"இருக்கும் லா. அவங்க வந்துட்டு திரும்பிப் போய்ட்டாங்க. நாங்கதான் இங்கயே இருக்கோம்" என்றார். அதோடு சொற்பொழிவு முடிந்தது.

இரண்டாம் நாள் விடிவதற்கு முன்பே என்னை எழுப்பினார். "கடல் பக்கம் போறேன். வர்றீங்களா?" அவருடைய தொழிலே அங்கேதான் என்று லோரியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. மீன் வியாபாரம். பின்னால் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் கூடைகளிலிருந்து வந்த வாடை அதை முதலில் சொல்லியிருந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு பயணம் செய்தேன். கல்யாணம் பேசியபோது 'வியாபாரம்' என்று மட்டும் சொன்னார்கள், என்ன வியாபாரம் என்று நாங்களும் தோண்டவில்லை.

செம்பனைத் தோட்டங்கள், ஒரு மசூதி, வயல், இன்னும் கொஞ்சம் செம்பனை, பிறகு சட்டென்று சாலை முடிந்து தண்ணீர். தஞ்சோங் டவாய் என்பது ஆறு கடலில் விழுகிற முனையில் இருக்கும் சிறிய மலாய்க் கிராமம். ஒரு பக்கம் அலையாத்திக் காடு, ஒரு பக்கம் மலை, எதிர்க்கரையில் ஒரு கடற்கரை. நடுவே பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகப் படகுகள். பந்தல்களில் நெத்திலி காய்கிறது. எதிர்க்கரைக்குப் போகும் சின்னப் படகில் பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் ஏறுகிறார்கள். இவ்வளவு அழகான இடத்தில் இவ்வளவு நாற்றமா என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

துறையில் இஸ்மாயில் காத்திருந்தார். மணியத்தின் கூட்டாளி, அந்தக் கிராமத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு. வியாபாரம் பாதிக்குப் பாதி. அன்று மணியம் லோரியை விட்டு இறங்கவே இல்லை. கூடைகளைத் தூக்கியது, எடை போட்டது, தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளிலும் பழைய தோட்டத்து வீடுகளிலும் நின்று விற்றது எல்லாம் இஸ்மாயில்தான். மணியம் ஓட்டுவதோடு சரி.

காரணத்தை இஸ்மாயில் மலாயில் சொல்ல, மணியம் சிரித்துக்கொண்டே எனக்குத் தமிழாக்கினார். பதினைந்து வருடத்துக் கூட்டு இது. மணியம் விரதம் இருக்கும் நாட்களில் மீனை இஸ்மாயில் சுமப்பார். நோன்பு மாதத்தில் பகலெல்லாம் இஸ்மாயில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அப்போது அவர் ஓட்ட, மணியம் சுமப்பார்.

"காவடி எடுக்காத வருசமும் தைப்பூசத்துக்கு ஒரு வாரம் நான் சைவம் லா. அந்த ஒரு வாரத்துக்கு பதிலா ஒரு மாசம் சுமந்தேன். இந்த வருசம் கணக்குத் திரும்பிருச்சு, இவன் பாவம், நாப்பத்தெட்டு நாளு" என்றார் மணியம். தைப்பூசம் முடிந்து சில வாரத்திலேயே நோன்பு வருகிறதாம். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்க வேண்டும்.

"மீன் லோரி ஓட்டுனா விரதத்துக்கு ஆகுமா சம்பந்தி?" என்று கேட்டேன். சைவக்காரனுக்கே உரிய திமிர்.

"பாக்கலாம், ஓட்டலாம், தொடக்கூடாது. அது எனக்கும் முருகனுக்கும் உள்ள பேச்சு" என்றார்.

மூன்றாம் நாள்தான் நான் அந்தப் பேச்சில் குறுக்கே விழுந்தேன்.

காலை வெளிச்சம் அபாரமாக இருந்தது. மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழ, தண்ணீர் முழுக்க மினுங்கியது. நான் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கைபேசியில் படம் எடுத்துத் தள்ளினேன். ஒரு படகிலிருந்து குழந்தை நீளத்துக்கு ஒரு மீன் இறங்கியது. இஸ்மாயில் அதைத் தூக்கி எனக்காகச் சிரித்தார். மலையும் படத்தில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. கொஞ்சம் பின்னால் போங்கள் என்று கையைக் காட்டினேன். போனார். இன்னும் கொஞ்சம் என்று காட்டினேன். போனார். தண்ணீர் வற்றியிருந்த நேரம், துறையின் படிகள் பாசி பிடித்துக் கிடந்தன. மீன் ஒரு பக்கம், இஸ்மாயில் ஒரு பக்கம். அவர் விழுந்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

மணிக்கட்டு முறிந்திருந்தது. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு, கனமான எதையும் தூக்கக்கூடாது என்று அனுப்பினார்கள். வெளியே வந்த இஸ்மாயில் என் தோளில் நல்ல கையால் தட்டி ஏதோ சொன்னார். "படம் நல்லா வந்துச்சான்னு கேக்குறான்" என்றார் மணியம். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மணியம் கூடத்தில் உட்கார்ந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"லெட்சுமி, காவடி அடுத்த வருசம் பாத்துக்கலாம். நாளைக்கு நான் மீனத் தூக்கணும்."

"வேற ஆள் பாருங்களேன்" என்றார் லெட்சுமி.

"ஒரே ராத்திரியில யாரு வருவா? ரெண்டு நாளு போவலன்னா தவுக்கே வேற லோரிக்கு மீனக் குடுத்துருவாரு. என் பொழப்பு மட்டும்னா விட்ருவேன். அவன் வீட்டு அடுப்பும் இதுலதான் எரியுது. என் விரதத்துக்காகத்தான் அவன் தனியா சுமந்தான். அவன் கையும் ஒடஞ்சு, பொழப்பும் போவணுமா?"

தவுக்கே என்பது படகுக்காரச் சீன முதலாளி. லெட்சுமி அடுக்களைக்குப் போனார். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது, அதில் கழுவ வேண்டிய அளவுக்குப் பாத்திரம் இல்லை. அடுத்த வருடம் என்று மணியம் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். என் மகள் வயிற்றில் இருப்பது அடுத்த வருடம் வரை காத்திருக்குமா? எனக்கு வேண்டுதலில் பெரிய நம்பிக்கை கிடையாது, கோயிலுக்குப் போனால் சுண்டல் நன்றாயிருக்கிறதா என்று பார்க்கிறவன். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்குப் பயம் பிடித்தது. இந்த மனிதர் முப்பத்தைந்து நாள் தரையில் படுத்துச் சேர்த்ததை என்னுடைய ஒரு படம் கொட்டிவிட்டது. நாளைக்கு ஒன்றென்றால் என் முகத்தை நானே பார்க்க முடியாது.

"நான் தூக்குதேன் சம்பந்தி" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் பதறிப்போனார். "ஐயோ, என்ன பேசுறீங்க? பொண்ணக் குடுத்த வீட்டு சம்பந்திய மீன் தூக்க விட்டேன்னு நாளைக்கு என் சொந்தக்காரன் காறித் துப்புவான் லா. நீங்க முட்டகூட தொடாதவங்க!"

"தொடாதவன்தான், சாப்பிடவா சொல்லுதீங்க? நீங்க விரதம், நான் வெறும் பழக்கம். என் பழக்கம் போனா யாருக்கும் நட்டம் இல்ல."

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்கியது. ஐம்பத்தெட்டு வருடச் சைவத்துக்கு நான் கொடுத்த விலை ஒன்றுமே இல்லை. பிறந்த வீட்டில் இருந்ததைச் சாப்பிட்டேன், அதற்கே எதிரில் இருந்தவரைவிட நிமிர்ந்து உட்கார்ந்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. லெட்சுமி வாசற்படியில் வந்து நின்று கணவனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் சம்மதம்.

நான்காம் நாளைப் பற்றி விரிவாக எழுத முடியாது, அன்று பாதி நேரம் நான் துறையின் ஓரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். இஸ்மாயில் மாவுக்கட்டோடு வந்து, தன் மகனுடைய ரப்பர் பூட்ஸை எனக்குக் கொடுத்தார். மீன் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு கனமாக இருக்கும் என்றும் தெரியாது. முப்பது வருடம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதுகு மூன்றாவது கூடையில் மனு கொடுத்தது. படகுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, துறையே சிரித்தது. "பூனை மீனப் பாத்து ஓடுறத இன்னைக்குத்தான் பாக்குறேன்னு சொல்றான்" என்று லோரியிலிருந்து மணியம் மொழிபெயர்த்தார். அவர் இதை மறைத்திருக்கலாம்.

விற்பனை இன்னும் மோசம். தாமானில் ஹாரன் அடித்ததும் பெண்கள் கூடினார்கள். இஸ்மாயில் இடது கையால் தராசைப் பார்க்க, நான் மீனை எடுத்துப் போட வேண்டும்.

"அண்ணே, நல்ல கெம்போங்கா பாத்துப் போடுங்க" என்றார் ஒரு அக்கா. எது கெம்போங் என்றே எனக்குத் தெரியாது. விழித்தேன்.

"யாரு லோரில புதுசா?"

"மணியத்தோட சம்பந்தியாம் லா. ஊர்லேர்ந்து வந்திருக்காரு."

"சம்பந்தியையா மீன் தூக்க விட்டாங்க? என்னா குடும்பம்டீ இது!"

மணியம் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். காது மடல் சிவந்தது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பி மூன்று முறை சோப்புப் போட்டுக் குளித்தேன். கூடத்தில் இலையைத் தேடினால் ஒரே இலைதான் இருந்தது. லெட்சுமி தயங்கித் தயங்கி, "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. வெரதக்காரங்க பக்கத்துல மீன் தொட்டவங்க ஒக்காரக்கூடாது" என்றார். எனக்கு இலை அடுக்களையில், மற்றவர்களோடு. அவர்கள் தட்டில் மீன் குழம்பு, என் இலையில் ரசம். சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகு பார்த்தால் அடுக்களையில்தான் பேச்சும் சிரிப்பும். கூடத்தில் அந்த மனிதர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மனைவியிடம் தொலைபேசியில், லங்காவி வேண்டாம், இங்கேயே இடம் பிடித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். நான் மீன் தூக்குவது மகளுக்குத் தெரிய வேண்டாம் என்பது சம்பந்தி வீட்டாருக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு. தெரிந்தால் காரணம் கேட்பாள், காரணம் சொன்னால் அவளுக்குப் பாரம்.

நாட்கள் ஓடின. கண் சிவந்திருந்தால் பழைய மீன் என்று கற்றேன். துறையில் என்னைப் பார்த்ததும் தே ஓ என்ற கறுப்புத் தேநீரை எடுத்து வைக்கிற கடைக்காரர் ஒருவர் கிடைத்தார். வாந்தி நின்றது. வாடை நின்றதா எனக்கு மூக்கு நின்றதா தெரியவில்லை. தாமிரபரணிக் கரையில் பிறந்தும் ஆற்றைக் குளிக்கிற இடமாக மட்டுமே பார்த்தவன், இங்கே தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் வைத்து நாளைக் கணக்கிட ஆரம்பித்தேன். இஸ்மாயிலும் நானும் பொது மொழி இல்லாமலே சண்டை போடும் அளவுக்கு நெருங்கிவிட்டோம். நான் கூடையைத் தரையில் இழுப்பது அவருக்குப் பிடிக்காது. தூக்கு, தூக்கு என்று கட்டுப் போட்ட கையை ஆட்டுவார்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான்காவது கூடையோடு படியேறுகிறேன், லோரிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் கார் வந்து நிற்கிறது. லெட்சுமிதான் முந்தின நாள் தொலைபேசியில் வாய் தவறியிருக்கிறார். கதவைத் திறந்து வித்யா இறங்கினாள். துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, முழங்கைவரை செதில். இந்தக் கோலத்தில் அவள் அப்பனைப் பார்ப்பாள் என்று நான் நினைத்ததில்லை.

"எப்பா!"

கூடையை வைத்துவிட்டு அவளை நோக்கி நடந்தேன்.

"அங்கயே நில்லுங்கப்பா. கிட்ட வந்தீங்கன்னா வாந்தி வந்திரும்."

நின்றேன். எங்களுக்கு நடுவே இருபது அடி இருக்கும். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று துப்பட்டாவுக்கு மேல் தெரிந்த கண்களை வைத்துச் சொல்ல முடியவில்லை. காரணம் ஒன்றும் கேட்கவில்லை. மாமனாரின் தாடியை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள். எல்லாம் தெரிந்துகொண்டாள்.

"அசையுதுப்பா" என்றாள். "நேத்து சாயங்காலத்துலருந்து அசையுது. நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

எனக்குக் கால் தன்னால் நகர்ந்தது. அவள் ஓரடி பின்னால் போனாள். என் கைகளைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எந்தப் பரீட்சைக்குப் போனாலும், எந்த ஊருக்குப் போனாலும், அவள் தலையில் கை வைத்துத்தான் அனுப்புவேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மணியம் லோரியிலிருந்து இறங்கி, வெறுங்காலோடு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நெருங்கி அல்ல, தொடாத தூரத்தில்.

"சம்பந்தி, உங்க கை சுத்தமாத்தான இருக்கு. நீங்க போங்க" என்றேன்.

அவர் போனார். சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வித்யா துப்பட்டாவை இறக்கி, கண்ணை மூடித் தலையைக் குனிந்தாள். நெற்றியில் ஒரு கீற்று வைத்துவிட்டு, அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என் பங்குக்கும் ஒண்ணு" என்றேன்.

மறுபடி பொட்டலத்தில் விரலைத் தொட்டு இன்னொன்று வைத்தார். பின்னாலிருந்து இஸ்மாயில் கத்தினார், அடுத்த கூடை வந்துவிட்டதாம். கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்றால் கை முழுக்க மீன். அப்படியே போய்க் கூடையைத் தூக்கினேன்.